ஓடுற பொண்ணுக்குச் சாப்பாடு போதுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்திலும் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் விடியற்காலையில் ஓடுகிற, கபடி ஆடுகிற, பந்து உதைக்கிற பெண் பிள்ளைகளை ஒரு பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். சில வாரங்களில் புதுச்சேரி உப்பளம் மைதானத்துக்கும் போவதுண்டு. கால் வலி என்று வருகிற பெண்ணிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது? காலையில் என்ன சாப்பிட்டாய்? கால் வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கூட வந்த அம்மா திகைத்துப் போவார். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதுகிறதா என்று கண்டறியும் பரிசோதனை (ஸ்க்ரீனிங்) அந்தக் கேள்விகளில்தான் தொடங்குகிறது. அதற்கப்புறம் அவர்களும், பயிற்சியாளர்களும், பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றை அவர்கள் பேசிய மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

“என் பொண்ணு நல்லாத்தான் சாப்பிடுறா மேடம். ராத்திரி அஞ்சு தோசை. அவளுக்கு எதுக்கு இந்தப் பரிசோதனை?”

அஞ்சு தோசையை நம்புகிறேன். ஆனால் மீதி நாளையும் கூட்டிப் பாருங்கள். விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட். ஏழு மணி வரை ஓட்டம். பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு இட்லி. மதியம் டப்பா. மாலை நாலரைக்கு வெறும் வயிற்றோடு மறுபடியும் மைதானம். ஒருமுறை ஒரு பெண்ணின் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். எலுமிச்சைச் சாதம், ஓரத்தில் காய்ந்துபோன ஒரு துண்டு ஊறுகாய். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. “சாப்பிட்டுட்டு ஓடினா வயித்தைப் புரட்டும்க்கா” என்றாள். அம்மாவுக்கு அது தெரியாது. டப்பா வீட்டுக்குப் போவதற்குள் மிச்சச் சோறு மைதானத்து நாய்க்குப் போயிருக்கும்.

கணக்கு எளிது. சாப்பிட்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழியுங்கள். மிச்சத்தை, உடம்பின் கொழுப்பு நீங்கிய எடையால் வகுங்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கொழுப்பு போக 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவள் 1,700 கலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 600 செலவழித்தால் மிச்சம் 1,100. நாற்பதால் வகுத்தால் 27.5. இதயம், மூளை, எலும்பு, கருப்பை எல்லாம் இந்த மிச்சத்தில்தான் பிழைக்க வேண்டும். 45 அளவில் இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 30-க்குக் கீழே போனால் ஐந்தே நாளில் மாதவிலக்கை நடத்தும் ஹார்மோன் துடிப்பு குறையத் தொடங்குவதை ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் காட்டினார். 30 என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் கோடு அல்ல. சிலருக்கு அதற்கு மேலேயே தொந்தரவு தொடங்கும். இதே பெண் 45-ஐ எட்ட 2,400 கலோரி சாப்பிட வேண்டும். 700 குறைகிறது. அவள் பட்டினி கிடக்கவில்லை, டயட்டிலும் இல்லை. அவளுக்கே தெரியாமல் குறைகிறது. எங்கள் பக்கம் நான் அதிகம் பார்ப்பது இந்த வகைதான்.

“இதுக்கு ஒரு பேர் இருக்கா?”

இருக்கிறது. குறைவான சாப்பாடு, நின்றுபோன மாதவிலக்கு, தேய்ந்த எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1992-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் ‘ஃபீமேல் அத்லெட் ட்ரையட்’ என்று பெயரிட்டுப் பேசத் தொடங்கினார்கள். பாதிப்பு மூன்றோடு நிற்பதில்லை, இதயம், குடல், எதிர்ப்புச் சக்தி, மனம் வரை போகிறது, ஆண்களுக்கும் வருகிறது என்பதால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் ‘ரெட்-எஸ்’ (விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்ற பெயரைக் கொண்டுவந்தது. அதன் கடைசித் திருத்தம் 2023-ல் வந்தது.

“விளையாடுற பொண்ணுங்களுக்கு டேட் தள்ளிப்போறது சகஜம்தானே? எங்க காலத்துலயும் இப்படித்தான்.”

அடிக்கடி நடக்கிறது என்பது உண்மை. அதனால் அது சரி என்று ஆகாது.

நானும் ஓடியவள். 17 வயதில் எட்டு மாதம் எனக்கு வரவில்லை. “உடம்பு நல்லா டைட்டா இருக்கு, அதான்” என்று சொன்னார்கள். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. மீட் நாளில் பேடைப் பற்றிய கவலை இல்லை, வெள்ளை ஷார்ட்ஸ் பற்றிய பயம் இல்லை. அடுத்த வருடம் பாதத்து எலும்பில் கீறல் விழுந்தது. மாவுக்கட்டு போட்ட மருத்துவமனையிலும் யாரும் பீரியட்ஸ் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி அன்று வந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய அவசியம் எனக்கு வந்திருக்காது.

நடப்பது இதுதான். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, வீட்டில் அரிசி குறைந்தால் முதலில் விருந்தாளியை வர வேண்டாம் என்று சொல்கிற குடும்பத் தலைவி மாதிரி. சக்தி போதவில்லை என்று தெரிந்ததும் கருமுட்டை வேலையை நிறுத்திவைக்கிறது. கருமுட்டை வளராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இறங்குகிறது. எலும்பு கரையாமல் காப்பது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். வாழ்நாளுக்கான எலும்பில் பெரும்பகுதி பதின்ம வயதிலேயே சேர்கிறது. அந்த வருடங்களில் சேர்க்காமல் விட்டதைப் பின்னால் முழுக்கப் பிடிப்பது கடினம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று கேட்டால்: 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றால், ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் தொடர்ந்து நின்றால், பெரிய பெண்களுக்கு இடைவெளி 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனால். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடம் 45 நாள் வரை முன்பின்னாக வருவது இயல்பு. அப்போதும் 90 நாள் இடைவெளி இயல்பு அல்ல.

“ஸ்கேன்ல பி.சி.ஓ.டி.ன்னு சொல்லிட்டாங்க. எடையைக் குறைக்கச் சொன்னாங்களே?”

இந்தக் கேள்விக்கு நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நடக்கும் தவறு பெண்ணை நேர் எதிர்த் திசையில் தள்ளிவிடும்.

சாப்பாடு போதாமல் மாதவிலக்கு நின்ற பெண்ணின் ஸ்கேனிலும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரியலாம். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு செய்யக்கூடாது. முகத்தில் முடி, அதிகப் பரு, ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அளவு இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தினம் இரண்டு வேளை ஓடுகிற, 46 கிலோ இருக்கிற பெண்ணிடம் “எடையைக் குறை, அரிசியை நிறுத்து” என்று சொன்னால், ஏற்கெனவே காலியான பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரிதான். மருத்துவரிடம் போகும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்: “இவ தினம் இத்தனை மணி நேரம் பயிற்சி பண்றா, இவ்வளவுதான் சாப்பிடுறா, போன வருஷத்தைவிட எடை இவ்வளவு குறைஞ்சிருக்கு.” கூட்டம் நெரிகிற ஓ.பி.யில் அவர்களுக்கு இதைக் கேட்க நேரம் இருக்காது. நீங்கள் சொன்னால் பார்வையே மாறும்.

“ஸ்க்ரீனிங்னா என்ன செய்வீங்க? ஊசி போடுவீங்களா?”

முதல் படியில் ஊசியே இல்லை. ஒரு காகிதம், ஒரு பேனா, கதவு சாத்திய ஓர் அறை. 2014-ல் அன்னா மெலினும் அவர் குழுவும் வெளியிட்ட லீஃப்-க்யூ என்ற வினாத்தாளில் 25 கேள்விகள் உண்டு. காயம், வயிற்றுக் கோளாறு, மாதவிலக்கு ஆகிய மூன்றைப் பற்றியும் கேட்கும். 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து இருக்கலாம் என்று பொருள். ஆனால் அது 18 முதல் 39 வயது வரையிலான நெடுந்தூர வீராங்கனைகளையும் நடனக் கலைஞர்களையும் வைத்துச் சரிபார்க்கப்பட்டது. 14 வயது கபடிப் பிள்ளையிடம் அதன் மதிப்பெண்ணை வேதவாக்காக எடுக்க முடியாது. அதனால் நான் அதோடு நிற்காமல் உட்கார்ந்து பேசுகிறேன்.

என்ன பேசுவேன்? வயதுக்கு வந்தபோது என்ன வயது, போன 12 மாதத்தில் எத்தனை முறை வந்தது, எலும்பில் கீறல் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, எடையைப் பற்றி வீட்டிலோ மைதானத்திலோ யாராவது ஏதாவது சொன்னார்களா, சாப்பிட்ட பிறகு குற்ற உணர்வு வருகிறதா, வேண்டுமென்றே வாந்தி எடுத்தது உண்டா, எல்லாரும் போர்வையை உதறிய பிறகும் உனக்கு மட்டும் குளிருகிறதா, படுத்து எழுந்தால் கண் இருட்டுகிறதா, விரதம் எத்தனை நாள். எத்தனை முறை வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்திலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும். அப்புறம் நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், உயரம், எடை. எடை பார்க்கும்போது அவள் மட்டும்தான் அறையில் இருப்பாள்.

“ரத்தப் பரிசோதனை, எலும்பு ஸ்கேன் எல்லாம் எல்லாருக்கும் வேணுமா? செலவு ஆகுமே.”

எல்லாருக்கும் வேண்டாம். பேச்சில் சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும். ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்த்துவிடச் சொல்வேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் பிள்ளைகள் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. முடிந்தால் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள், ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இரும்புச்சத்து இருப்பு தீர்வதை அது காட்டும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தைராய்டு, புரோலாக்டின், வேறு சில ஹார்மோன்கள், கர்ப்பப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அப்பாக்களுக்கு முகம் சிவக்கும். மாதவிலக்கு நின்ற எந்தப் பெண்ணுக்கும் மருத்துவர்கள் முதலில் அதை விலக்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். அது உங்கள் மகள்மேல் சந்தேகம் இல்லை. டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன், ஆறு மாதம் போல நின்றுபோனவர்களுக்கும் எலும்புக் கீறல் வந்தவர்களுக்கும்தான். இளம்பெண்களுக்கு அதில் அவர்கள் வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும், வயதானவர்களுக்குப் பார்க்கும் டி மதிப்பெண்ணை அல்ல. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மகளிர் பிரிவிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து பெரிய இடத்துக்கு அனுப்பினால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது.

“நான் பி.டி. சார். பொம்பளப் பிள்ளைங்ககிட்ட இதை எப்படிக் கேட்கிறது?”

நீங்கள் தேதி கேட்க வேண்டாம் சார். பள்ளியிலேயே பிள்ளைகள் நம்புகிற ஒரு டீச்சரோ, கிராம சுகாதார செவிலியரோ கேட்கட்டும். அந்தக் காகிதம் உங்கள் மேசைக்கு வரவும் வேண்டாம். பயிற்சியைக் குறைக்கணுமா வேண்டாமா என்ற ஒரு வரி மட்டும் உங்களுக்கு வந்தால் போதும்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது பெரிது. வரிசையில் நிற்க வைத்து எடை பார்த்துச் சத்தமாகப் படிப்பதை நிறுத்துங்கள். “வயிறு போட்டுடுச்சு, இந்த மாதிரி ஓடினா எப்படி ஜெயிப்ப” என்று நீங்கள் விளையாட்டாகச் சொன்ன வாக்கியத்தை ஒரு பெண் இரண்டு வருடம் கழித்து என்னிடம் சொல்லி அழுதாள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டவள் அவள். பயிற்சி கூடக்கூட நேரம் மோசமாவது, அடிக்கடி சளி, மாறி மாறிக் காயம், மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடாமல் ஒதுங்குவது, முன்பு இல்லாத எரிச்சல், இதையெல்லாம் எங்களைவிட முதலில் பார்ப்பது நீங்கள்தான். சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன்னால் அனுப்பி வையுங்கள்.

இந்திய அணிக்குக் கால்பந்து ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். அந்த உயரத்துக்குப் போகக்கூடிய கால்கள் உங்கள் மைதானத்திலும் இருக்கின்றன.

“முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு வலிக்குது. ஷின் பெயின்தானே, ஐஸ் வெச்சா போதாதா?”

கட்டை விரலால் எலும்பு ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் பெயின்தான். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும், தொட்டதும் காலை வெடுக்கென்று இழுக்கிற மாதிரி வலித்தால், இரவில் படுத்தபிறகும் வலித்தால், அந்த ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், எலும்புக் கீறல் என்றே நினைத்து ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே நார்மல்” என்ற சீட்டோடு மறுநாள் ஓடிய பிள்ளைகள் உண்டு.

தொடை இடுக்கில் வலி என்றால் இன்னும் அவசரம். தொடை எலும்பின் கழுத்தில் கீறல் இருந்தால் அது முழுதாக உடைந்துவிடலாம்.

“கபடியில எடை வரம்பு இருக்கே மேடம். ரெண்டு கிலோ குறைச்சாத்தான் எடுப்பாங்க.”

வரம்புக்கு ஏற்றபடி பெண்ணைச் சுருக்குவதைவிட, அவள் வளர்ச்சிக்கு ஏற்ற பிரிவில் அவளை ஆடவிடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவில் இறுதிச்சுற்றுக்கு வந்தபிறகு 100 கிராம் கூடியதால் தகுதி இழந்ததை எல்லாரும் பார்த்தோம். இரவெல்லாம் தண்ணீரைக் குறைத்து, வியர்வை சிந்தி, முடியை வெட்டியும் அந்த 100 கிராம் போகவில்லை. உலகத்தரத்தில் மருத்துவர் பக்கத்தில் இருக்க ஒருவர் பட்ட பாடு அது. இங்கே 15 வயதுப் பெண் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில், பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓடுகிறாள். வளரும் பிள்ளைகளுக்கு எடைக் குறைப்பே கூடாது என்பது என் உறுதியான நிலை.

“மாத்திரை போட்டா டேட் வந்துடுதே. அப்ப சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?”

இல்லை. மாத்திரையை நிறுத்தும்போது வருவது மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு. உள்ளே கருமுட்டை வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. கருத்தடை மாத்திரை எலும்பைக் காப்பாற்றும் என்பதற்கும் இந்தப் பிள்ளைகளிடம் நம்பகமான ஆதாரம் இல்லை. அது செய்வதெல்லாம், நமக்கு இருந்த ஒரே எச்சரிக்கை மணியைத் துணி சுற்றி வைப்பது. மாசி மகத்துக்கோ கல்யாணத்துக்கோ தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கமும் இருக்கிறது. அப்படிப் போட்டிருந்தால் ஸ்க்ரீனிங்கில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கணக்கு தப்பிவிடும்.

“அப்ப என்னதான் கொடுக்கணும்? பாதாம், பிஸ்தாவெல்லாம் எங்களால முடியாது.”

வேண்டாம். மாதவிலக்கு நின்ற அல்லது தள்ளிப்போன, உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு நாளைக்கு 300 முதல் 350 கலோரி அளவில் கூடுதலாகக் கொடுத்தபோதே பலருக்குத் திரும்பி வந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான் அது. பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு வேர்க்கடலையும் பலாவும் முந்திரியும் வீட்டுப் பொருள்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். ஐந்து மணிக்குச் சோறு இறங்காது. வாழைப்பழமும் இரண்டு பேரீச்சையும் இறங்கும். பயிற்சி முடிந்த அரைமணிக்குள் கடலை உருண்டையோ, அவித்த முட்டையோ பையிலேயே இருக்கட்டும். மாலைப் பயிற்சிக்கு முன் சுண்டல். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. கூழாகக் கரைத்தால் அதிகாலையிலும் குடிக்கலாம். சாப்பாட்டோடு டீ வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதை அது குறைக்கும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்த ஊர் நம்முடையது. அந்தப் பதினாறு நாளோடு ஏன் நிறுத்திவிடுகிறோம்? ஓடுகிற வருடங்கள் முழுக்க அவளுக்கு அந்தக் கவனிப்பு வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை விட்ட பி.டி. உஷா, அங்கே தனக்குச் சரியான உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

“சிவப்பு வந்தா டீம்ல இருந்து எடுத்துடுவாங்களாக்கா?”

இந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள். 2023 ஒலிம்பிக் கமிட்டி வழிகாட்டுதலில் ஆபத்தின் அளவைக் காட்டப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறம் உண்டு. மஞ்சளில் பெரும்பாலும் சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டே விளையாடலாம். ஆரஞ்சில் பயிற்சியைக் குறைத்து மருத்துவர் கண்காணிப்பில். சிவப்பில் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பார்கள், ஏனென்றால் அப்போது ஆடுவதே ஆபத்து. எந்த நிறமும் நிரந்தரம் இல்லை. சக்தி சில நாட்களில், வாரங்களில் திரும்பும். பீரியட்ஸ் மாதங்களில். எலும்புக்கு வருடங்கள் ஆகும். சீக்கிரம் சொன்னவள் சீக்கிரம் திரும்புகிறாள்.

“பசங்களுக்கு?”

வரும். அவர்களுக்கு மாதவிலக்கு மாதிரி வெளியே தெரியும் அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத் தெரியும்.

“வருஷத்துக்கு எத்தனை தடவை?”

சீசன் தொடங்கும் முன் ஒருமுறை எல்லாருக்கும். அப்புறம் எலும்புக் காயம் வந்தாலோ, மூன்று மாதம் நின்றாலோ, எடை சட்டென்று இறங்கினாலோ அன்றைக்கே. இடையில் பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்று: வீட்டு நாட்காட்டியில் வந்த நாளில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

“அக்கா, எனக்கு நாலு மாசமா வரல. அம்மாகிட்ட சொன்னா விளையாட விடமாட்டாங்க. என்ன பண்ணட்டும்?”

இன்றைக்கே சொல்லிவிடு கண்ணு. “டேட் வரல” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே, அம்மா பயந்துவிடுவார். “நாலு மாசமா வரலம்மா, ரெண்டு வேளை பிராக்டிஸுக்கு நான் சாப்பிடுறது பத்தலன்னு நினைக்கிறேன், டாக்டரைப் பார்க்கணும்” என்று முழுசாகச் சொல். சொல்ல வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அவர் போனில் திறந்து கொடு. அப்பாவிடம் அம்மா பேசிக்கொள்வார். இந்த வாரம் பயிற்சியைப் பாதியாக்கு. நாளைக் காலை மைதானத்துக்குக் கிளம்பும் முன் பழத்தைச் சாப்பிடு. திங்கட்கிழமை அம்மாவோடு மகளிர் ஓ.பி.க்குப் போ. கடைசியாக வந்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள். நினைவில்லை என்றால், பள்ளியில் அன்று என்ன நடந்தது, எந்த மேட்ச்சுக்கு முன்னால் என்று யோசித்துப் பார், வந்துவிடும்.